சீட்டுக் குலுக்கிய மருமவனுக்கு

வாரும் மருமவனே, வாரும். செருப்பை வெயில்ல கழட்டிப் போடாதேயும், திரும்பிப் போறப்ப தேரிமணல்ல நாட்டியம் ஆட வேண்டியிருக்கும். அந்தக் கட்டில்ல உக்காரும். அத்தை பானக்காரம் கரைச்சுக்கிட்டு இருக்கா, குடிச்சிட்டுப் பேசுவோம்.

கையில பைபிள். சட்டைப்பையில மடிச்ச துண்டுச்சீட்டு மூணு. முகம் தண்ணி காணாத முருங்கைக் கொழுந்தாட்டம் தொங்குது. உபதேசியாரா ஊர் ஊராச் சைக்கிள் மிதிச்சவனுக்கு இது தெரியாதா? தேவசித்தம் தேடி வந்திருக்கீரு. அந்தத் துணிப்பைக்குள்ள, வாக்குத்தத்தக் காலண்டருக்கு அடியில, ஒரு முத்திரைத்தாள் வாலை நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னது? சரி, சரி. உள்ள தள்ளாதேயும். அது பொறவு.

மஸ்கட்டுல வேலை வந்திருக்கு. போகவா, வேண்டாமா. இதுதானே? உம்ம அம்மா, என் தங்கச்சி, நேத்தே போன்ல அழுதா. நீரு மூணு நாள் உபவாசம் இருந்து, ‘போ’, ‘போகாதே’, ‘காத்திரு’ன்னு எழுதிக் குலுக்கி எடுத்தீராம். ‘போகாதே’ வந்துச்சாம். சரியாக் குலுக்கலையோன்னு மறுபடி எடுத்தீராம். ‘காத்திரு’ வந்துச்சாம். மூணாவது தடவை ‘போ’ வந்ததும் நிறுத்திட்டீராம். ஆண்டவரை நீரு கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டிருக்கீரு மருமவனே, அதுலயும் அம்பயரு நீரேதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி கோயில்ல பூக்கட்டிப் பாக்க உக்காந்தா, செவப்புப் பூ வருமா வெள்ளைப் பூ வருமான்னு, நம்மாளுவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்காவ. பொறவு வீட்டுக்கு வந்து பைபிளுக்குள்ள சீட்டை வச்சு எடுக்காவ. பூவு சாயங்காலம் வாடும், சீட்டு வாடாது. அந்த ஒரு வித்தியாசம்தான் எனக்குத் தெரியுது.

சீட்டே பாவம்னு நான் சொல்ல வரலை. யூதாசு இடத்துக்கு ஆள் எடுக்கையில அப்போஸ்தலருவளே சீட்டுப் போட்டாவ. ஆனா எப்பம் போட்டாவன்னு பாரும். முதல்ல சல்லடை. யோவான் ஞானஸ்நானம் குடுத்த நாள்ல இருந்து கூடவே அலைஞ்சவனா இருக்கணும்னு பேசி முடிச்சாவ. அதுல தேறினது ரெண்டே ரெண்டு பேரு, யோசேப்பும் மத்தியாவும். ரெண்டுல எது வந்தாலும் நட்டமில்லைன்னு ஆன பொறவுதான் சீட்டு. நம்ம சோழராசா காலத்து ஆளுவளுக்கும் இந்தப் புத்தி இருந்துச்சு. உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கே, பராந்தகச் சோழன் காலத்து 919-ம் 921-ம், அதைப் படிச்சுப் பாரும். குடவோலை, குடவோலைன்னு குடத்தைத்தான் எல்லாரும் பேசுதாவ. குடத்துக்குள்ள பேரு விழுறதுக்கு முந்தி என்ன கேட்டாவ தெரியுமா? வரி கட்டுத நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு முப்பத்தஞ்சுக்குக் குறையப்படாது, எழுவதைத் தாண்டப்படாது, முன்ன பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தபந்தமும் பக்கத்துலயே வரப்படாது. இத்தனையும் தாண்டுனவன் ஓலைதான் குடத்துக்குள்ள. பொறவு ஒண்ணும் அறியாத ஒரு பொடியன் கையை விட்டு எடுப்பான். உம்ம குடத்துல விழுந்த ஓலைக்குச் சல்லடை எங்க இருந்துச்சு? சம்பளம் எவ்வளவு, வேலை எழுத்துல இருக்கா வாய்ச்சொல்லா, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிடுவானா, இதுல ஒண்ணையாவது விசாரிச்சீரா? ஒரு போன் போட்டுக் கேட்டா முடியுற காரியத்துக்கு மூணு நாள் பட்டினி.

மத்தியாவுக்கு அடுத்த அதிகாரத்துல ஆவியானவர் இறங்குனாரு. அதுக்குப் பொறவு அப்போஸ்தலருவ சீட்டுக் குலுக்குனதா ஒரு இடத்தைக் காட்டும், உமக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி இனாம். விருத்தசேதனம் வேணுமா வேண்டாமான்னு எருசலேம்ல பெரிய சண்டை வந்துச்சே, அப்பம் என்ன செஞ்சாவ? கூட்டம் போட்டாவ. கத்துனாவ. பேதுரு எந்திரிச்சாரு, பவுலு பேசுனாரு, கடைசில யாக்கோபு தீத்து வச்சாரு. பொறவு எழுதுன கடுதாசில, இது ஆவியானவருக்கும் சரின்னு பட்டுச்சு, எங்களுக்கும் சரின்னு பட்டுச்சுன்னு ரெண்டையும் சேத்தே எழுதுனாவ. நம்ம சேகரக் கமிட்டிக் கூட்டத்துல முதல் பாதி மட்டும் அப்படியே நடக்கு, கத்தறது.

உம்மை மாதிரியே சீட்டுக் குலுக்குன பெரியவர் ஒருத்தர் உண்டு. பேரைச் சொன்னா நம்ப மாட்டீரு. ஜான் வெஸ்லி. மெதடிஸ்டு சபை முளைக்கதுக்கு முந்தி, அமெரிக்காவுல ஜார்ஜியாவுக்குக் குருவாப் போயிருந்தாரு. அங்க சவன்னாவுல சோபியா ஹாப்கின்னு ஒரு பொண்ணு மேல மனசு விழுந்துட்டு. கட்டவா வேண்டாமான்னு அலைமோதி, 1737 மார்ச்சு மாசம் கூட இருந்த நண்பரை வச்சு மூணு சீட்டு எழுதுனாரு. கட்டிக்கோ, இந்த வருஷம் நினைக்காதே, இனி நினைக்கவே நினைக்காதே. வந்தது மூணாவது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு ஏத்துக்கிட்டாரு. பத்து நாள் ஆவலை, அந்தப் பொண்ணு வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. நம்ம ஐயருக்குச் சீட்டுல அடங்குன மனசு நெஞ்சுல அடங்கலை. சில மாசத்துல அந்தப் பொண்ணுக்கு இராப்போஜனம் கிடையாதுன்னு தள்ளி வச்சாரு. புருசங்காரன் வழக்குப் போட்டான். அந்த வருஷம் டிசம்பர்ல ஐயரு ராத்திரியோட ராத்திரியா ஊரைக் காலி பண்ணுனாரு. அவ்வளவு பெரிய மனுசன், பொறவு லட்சம் பேரைக் கரை சேத்தவரு. சீட்டு அவருக்கு முடிவு சொல்லிச்சு, மனசைக் கழுவலை. எனக்கு அவரு மேல தனிப் பிரியம் வந்ததே இந்தக் கதையைப் படிச்ச பொறவுதான்.

வெஸ்லிக்கு இந்தப் பழக்கம் ஒட்டுனதுல மொரேவிய சபைக்காரருவளுக்கும் பங்கு உண்டு. அவுக கலியாணத்துக்கே சீட்டுப் போட்டாவ. ஜெர்மனில ஹெர்ன்ஹூட்டுன்னு ஒரு ஊரு. அங்க 1731-ல இருந்து வருஷா வருஷம் தினவசனப் புஸ்தகம் அச்சாவுது, அதுக்கு வசனத்தை இன்னைக்கும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்காவ. நம்ம தரங்கம்பாடில கூட 1760-ல இருந்து நாப்பது வருஷத்துக்கு மேல அவுக ஆளுவ குடியிருந்தாவ. ஆனா கலியாணச் சீட்டை 1818-ல அவுகளே போதும்னு தளத்திட்டாவ. புருசனும் பொஞ்சாதியும் சண்டை போட்டா, யாரைக் கோவிக்கன்னு தெரியாமப் போயிருக்கும்.

கலியாணம்னதும் நினைப்பு வருது. நம்ம பக்கத்துல பொண்ணு பாத்துட்டுப் போறவுக, ‘ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்’னு சொன்னா என்ன அர்த்தம்? பொண்ணு வீட்டுல காப்பித் தம்ளரைக் கழுவிக் கவுத்திரலாம்னு அர்த்தம். நகை குறைச்சல்னு சொல்ல நாக்கு கூசுது, அதனால ஆண்டவர் தலையில வைக்காவ. ‘உணர்த்தப்படலை’ங்காவ. அம்பது பவுன்னு சொல்லிப் பாரும், அங்கனயே உணர்த்தப்படும்.

இந்தாரும் பானக்காரம். குடியும். சுக்கு தூக்கலா இருக்கோ? கிழவி அப்படித்தான்.

அடுத்து பைபிளைக் கண்ணை மூடித் திறந்தீராம். நானும் திறந்தவன்தான் வே. உம்ம வயசுல கிணறு வெட்டலாமா வேண்டாமான்னு திறந்தேன். எண்ணாகமம் ஏழாம் அதிகாரம் வந்துச்சு. நூத்து முப்பது சேக்கல் நிறையில வெள்ளித்தட்டு. ஒண்ணும் புரியலை. மறுபடி விரலை வச்சேன், அதே வெள்ளித்தட்டு. அந்த அதிகாரத்துல பன்னிரண்டு பிரபுக்கள் ஒரே காணிக்கையைப் பன்னிரண்டு தடவை கொண்டுட்டு வாராவ, எங்க விரலை வச்சாலும் தட்டுதான். உம்ம அத்தை எட்டிப் பாத்தா. ‘வெள்ளிக் கொலுசை வித்து வெட்டச் சொல்லுதாரா? அதுதான் நடக்காது’ன்னு கொலுசைக் கழட்டி அவ அம்மை வீட்டுல கொண்டு வச்சுட்டா. பொறவு நாலு விவரமானவனைக் கூட்டிட்டு வந்து காட்டிக் கடன் வாங்கி வெட்டுனேன். முதல்ல உப்பு, அடுத்ததுல தண்ணி. இப்பம் நீரு குடிக்கது அதுதான்.

பொறவு ஒரு நாள் கண்டுபிடிச்சேன். பைபிளு தன்னால எங்க விரியுதுன்னா, பைண்டிங் எங்க விட்டுப் போச்சோ அங்க. என் பைபிளு எப்பமும் எண்ணாகமத்துல விரியும், ஏன்னா எல்.ஐ.சி. ரசீதைப் பத்து வருஷமா அங்கதான் வச்சிருந்தேன். தேவசித்தத்தைப் பாதி முடிவு பண்ணது பைண்டிங் கடைக்காரன், மீதி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு.

காலண்டர் வசனம் என்ன வந்துச்சு? எரேமியா இருவத்தொம்பது, பதினொண்ணா? அட, உமக்கும் அதுதானா. இந்த ஊருல பாதிப் பேருக்கு அதுதான், மீதிப் பேரு வீட்டுல சுவர்ல ஸ்டிக்கரா இருக்கு. நல்ல நினைவுவளை உம்மைப் பத்தி வச்சிருக்கேன், நல்ல முடிவு வரும்னு ஆண்டவர் சொன்ன இடம். உள்ளதுதான். ஆனா பத்தாம் வசனத்தை எந்தக் காலண்டர்லயாவது பாத்தீரா? பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன சனங்களுக்கு எரேமியா எழுதுன கடுதாசி அது. எழுவது வருஷம் ஆவும்னு பத்தாவதுல இருக்கு. அதுக்கு முந்தி, வீட்டைக் கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைவளுக்குக் கலியாணம் முடிங்க, இருக்குற ஊரு நல்லா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்கன்னு எழுதியிருக்கு. வாக்குத்தத்தம் கேட்ட கிழடுகட்டையள்ல முக்கால்வாசி அங்கனயே மண்ணாப் போயிருக்கும். ஆண்டவர் குடுத்த நல்ல முடிவைப் பாத்தது பேரன்மாரு. எழுவது வருஷத்து வசனத்தைக் கிழிச்சு எடுத்து, பதினஞ்சு நாள்ல விசா வருமான்னு கேக்கீரே மருமவனே, எரேமியா கேட்டா, முன்ன அவரைத் தூக்கிப் போட்ட கிணத்துக்குள்ள தானே இறங்கி மறுபடி உக்காந்துக்கிடுவாரு.

அடையாளம் வேற கேட்டீராம். வெள்ளிக்கிழமைக்குள்ள மழை பெய்ஞ்சா போறேன்னு. மே மாசம், நம்ம தேரிக்காட்டுல! பெய்யாத மழையைக் கேட்டா போகாம இருந்திரலாம்னு உம்ம அடிமனசு போட்ட கணக்கு அது. சீட்டுல போகணும்னு ஆசை, மழையில போகப் பயம். உமக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கீரு, ஆளுக்கொரு தேவசித்தம் வச்சிருக்கீரு.

கிதியோன் தோலைப் போட்டாரேங்கீரா? அவரு வழி தெரியாமக் கேக்கலை. போ, மீதியானியரை முறியடின்னு தூதன் முகத்துக்கு நேர சொல்லியாச்சு. தெரிஞ்சதைச் செய்யப் பயந்துக்கிட்டு கேட்டாரு. தோல் நனையட்டும், களம் காயட்டும். மறுநாள் களம் நனையட்டும், தோல் காயட்டும். ஆண்டவர் பொறுமையா ரெண்டையும் செஞ்சாரு. ஆனா அடுத்த அதிகாரத்துல என்ன நடந்துச்சுன்னு யாரும் பிரசங்கிக்க மாட்டேங்காவ. நீ என்னை ரெண்டு தடவை சோதிச்சேல்ல, வா இப்பம்னு அவரு ரெண்டு தடவை படையைச் சலிச்சாரு. முப்பத்திரண்டாயிரம் பேரு பத்தாயிரம் ஆச்சு, பத்தாயிரம் முன்னூறு ஆச்சு. வேதத்துல அப்படிக் காரணம் எழுதலை, நான்தான் சேத்துக்கிட்டேன். ஆனாலும் அடையாளம் கேக்க ஆசை வரும்போதெல்லாம் நான் அந்த முன்னூறை ஒரு தடவை எண்ணிக்கிடுவேன்.

‘கதவு திறந்திருக்கு மாமா’ங்கீரு. திறந்திருக்கும். துரோவாவுல பவுலுக்கும் திறந்திருந்துச்சு, கர்த்தரே திறந்த கதவுன்னு அவரே எழுதுதாரு. ஆனா தீத்துவைக் காணலையேன்னு மனசு கேக்காம, திறந்த கதவை விட்டுட்டு மக்கெதோனியாவுக்குப் போயிட்டாரு. திறந்து கிடக்குதேன்னு நுழையறதா இருந்தா, அடுத்த வீட்டு ஆடு என் முருங்கையைத் தின்னதும் தேவசித்தம்தான். அது சரி, இந்தக் கதவைத் திறக்க ஏஜெண்டு கேட்ட தொகை எவ்வளவு? ம். கர்த்தர் திறக்குற கதவுக்கு அட்வான்ஸ் கேட்டு நான் படிச்சதில்லை.

கன்வென்ஷன்ல ஊழியக்காரரு உம்ம தலையில கையை வச்சு, மேற்க ஒரு வாசல் திறக்குதுன்னாரா? நம்ம ஊருக்குக் கிழக்க கடலு, தெக்க கடலு. வேற எந்தத் திசையில வாசல் வைக்கச் சொல்லுதீரு அவரை? களக்காடு கூட மேக்கதான் இருக்கு.

மனசுல சமாதானம் இருக்குன்னு சொல்லாதேயும். யோனாவும் கப்பலுக்கு அடியில நல்லாத்தான் தூங்குனாரு.

சரி, இப்பம் நான் ஒண்ணு கேக்கேன், மழுப்பாமச் சொல்லும். மெடிக்கல் முடிஞ்சிட்டா? முடிஞ்சிட்டு. பாஸ்போர்ட்டு ஏஜெண்டு கையில. பெட்டி கூட வாங்கியாச்சு, சக்கரம் வச்சது, உம்ம அம்மா சொன்னா. அப்பம் எதுக்கு வே சீட்டு?

அதே எரேமியாவுல நாப்பத்திரண்டாம் அதிகாரத்தைப் புரட்டும். எருசலேம் சாம்பலாயாச்சு. பாபிலோன் ராசா வச்ச அதிகாரி கெதலியாவையும் வெட்டிட்டானுவ. மிச்சம் கிடந்த சனம் யோகனான் தலைமையில எரேமியாகிட்ட வந்து, ஐயா, நாங்க எந்த வழியில போகணும்னு கேட்டுச் சொல்லும், நல்லதோ கெட்டதோ அப்படியே செய்வோம்னு சத்தியம் பண்ணுனாவ. எங்க நின்னு கேட்டாவ தெரியுமா? பெத்லகேமுக்குப் பக்கத்துல, எகிப்துக்குப் போற வழியில. மூட்டையைக் கட்டியாச்சு, பாதி வழி வந்தாச்சு, அங்கன நின்னுக்கிட்டு எந்த வழின்னு கேக்காவ! எரேமியா சீட்டுக் குலுக்கலை, புஸ்தகத்தைக் கண்ணை மூடித் திறக்கலை. பத்து நாள் காத்திருந்தாரு. அவ்வளவு பெரிய தீர்க்கதரிசிக்கே பத்து நாள் ஆச்சு, நம்மாளுவளுக்குப் பாட்டு முடியறதுக்குள்ள வந்திருது. பத்து நாள் கழிச்சு, இங்கனயே இருங்க, எகிப்துக்குப் போகாதீங்கன்னு பதில் வந்துச்சு. உடனே சனம் என்ன சொல்லிச்சு? நீரு பொய் சொல்லுதீரு, உம்ம எழுத்தாளு பாரூக்கு உம்மைத் தூண்டிவிடுதான்னு சொல்லிச்சு. போகாதேன்ன கிழவனையும் தூக்கிக்கிட்டு எகிப்துக்குப் போச்சு.

முகத்தைத் தொங்கப் போடாதேயும். மஸ்கட்டு எகிப்து இல்லை. போகலாம், போகாம இருக்கலாம். ஆண்டவர் அதுல ஒண்ணும் சொல்லலைன்னா, சொல்ல வேண்டியதில்லைன்னு விட்டிருப்பாரு. விதவை மறுகலியாணம் பண்ணணும்னா யாரைக் கட்டலாம்னு கொரிந்து சபைக்குப் பவுலு எழுதும்போதே, விசுவாசியா இருந்தாச் சரி, அவ இஷ்டம்னுதானே எழுதுதாரு? கலியாணத்துக்கே இஷ்டத்தை விட்டிருக்கையில, வெல்டர் வேலைக்கு வானத்துல இருந்து சத்தம் கேக்கணுமா? சம்பளத்தைக் கேளும். அங்க இருக்குற நம்ம ஊர்ப் பயலுவகிட்டப் பேசும். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு விடுவானான்னு கேளும். சர்க்கரை வியாதிக்கார அம்மைக்கு ஊசி போட யாரு இருக்கான்னு பாரும். முழங்கால்லயும் நில்லும், வேண்டாம்னு நான் சொல்லலை. புத்தி குறைச்சலா இருந்தா கேளுங்க, ஆண்டவர் திட்டாமத் தருவாருன்னு யாக்கோபு எழுதியிருக்காரு. புத்தியைக் கேக்கத்தான் சொன்னாரு, டிக்கெட்டை இல்லை.

இப்பம் அந்த முத்திரைத்தாளை எடும்.

எடும் வே, மாமாகிட்ட என்ன வெக்கம். விடுதலைப் பத்திரம். அப்படித்தான் நினைச்சேன். ஏஜெண்டுக்குக் கட்ட அப்பா தோட்டத்தை விக்கணும், அதுக்கு நாசரேத்துல இருக்குற அக்கா கையெழுத்துப் போடணும். எனக்குப் பங்கு வேண்டாம்னு அவளே மனசார விட்டுக் குடுக்கதா எழுதியிருக்கு. அவகிட்டக் கேட்டீரா? கேக்கலை. சாட்சிக்கு மாமா கையெழுத்தை முதல்ல வாங்கிட்டா அக்கா மறுக்கமாட்டாள்னு வந்திருக்கீரு. சீட்டும் மழையும் காலண்டரும் எல்லாம் இதுக்குப் போட்ட பந்தல்.

மச்சான் உயில் எழுதாமப் போனாரு. கிறிஸ்தவங்களுக்கும் சேத்து 1925-லயே வாரிசுச் சட்டம் வந்தாச்சு. பொஞ்சாதிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சத்தை ஆணு பொண்ணு பாக்காமப் பிள்ளைவளுக்குச் சமமா. உம்ம வீட்டுல அம்மா, அக்கா, நீரு. ஆளுக்கு மூணுல ஒண்ணு, முருங்கையா இருந்தாலும் சரி, மண்ணா இருந்தாலும் சரி. ‘அக்காவுக்கு நகை போட்டாச்சே’ங்காதேயும். அந்த நகையை அவ மாமியா வாங்கி மச்சினனுக்குக் கடை வச்சுக் குடுத்த கதை ஊருக்கே தெரியும்.

இந்தப் பத்திரத்துக்கு எத்தனை நாள் உபவாசம் இருந்தீரு? இதுக்குச் சீட்டுக் குலுக்கலையே, ஏன்? ‘அக்கா பங்கை எடு’, ‘எடுக்காதே’ன்னு எழுதிக் குலுக்கியிருக்கலாமே? குலுக்க மாட்டீரு. வர வேண்டிய சீட்டு எதுன்னு உமக்கே தெரியும். கூடப்பிறந்தவளை வஞ்சிக்கப்படாதுங்கதுக்கு ஆண்டவர் தனியா மழை பெய்ய வைக்கணுமா? அவரு பேசாத இடத்துல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கீரு, வாயைத் திறந்து சொன்ன இடத்துல பஞ்சை அடைச்சுக்கிட்டீரு. நானும் ஒரு காலத்துல அடைச்சவன்தான். அந்தக் கதை உம்ம அத்தை இல்லாதப்ப சொல்லுதேன்.

சாட்சிக் கையெழுத்து நான் போடலை. எனக்கு உணர்த்தப்படலை.

நாளைக்குக் காலையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரும். வெறுங்கையோட போகாதேயும், முதலூர்ல இறங்கி அரைக்கிலோ மஸ்கோத் அல்வா வாங்கிக்கிடும். மஸ்கட்டுக்குப் போகப்போறவன் மஸ்கோத்தோட வந்திருக்கேன்னு சொல்லும், அவ சிரிச்சிருவா, சின்னதுல இருந்தே அவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும். அவ பங்கு அவளுக்குன்னு சொல்லிட்டு, பொறவு கடனாக் கேளும். குடுத்தாலும் குடுப்பா. அந்தச் சீட்டு மூணையும் இங்க தாரும், அத்தை அடுப்புப் பத்த வைக்கட்டும்.

முதலூர்ல இருந்து நாசரேத்துக்கு நேர் பஸ் கிடைக்காட்டா, சாத்தான்குளத்துல மாறிப் போகணும். பேரைப் பாத்துப் பயந்து திரும்பி வந்திராதேயும்.